என் பெயரில் அச்சான அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

புதுக்கோட்டை வரலாற்று மலரின் பதிப்புக் குழுவினர் அனைவருக்கும்,

மலர் போன வாரம் என் கைக்கு வந்தது. புதுக்கோட்டையை ஆண்ட அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானைப் பற்றிய கட்டுரை என் பெயரில் வந்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது பதினான்கு பக்கம். அச்சில் இருப்பது நாலரைப் பக்கம். பக்கத்தைக் குறைத்ததற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. முப்பத்திரண்டு வருடம் வரலாற்றுப் பாடம் நடத்தியவள் நான். எதையும் சுருக்கிச் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியும். கட்டுரையின் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

"பின்னாளில் மன்னர் உடல்நலம் கருதி மேலைநாடுகளில் தங்கியிருந்து, 1928இல் இயற்கை எய்தினார்."

இந்த வரி என்னுடையது இல்லை. இது உண்மையும் இல்லை. எனக்குக் காட்டாமல், என்னைக் கேட்காமல், என் பெயருக்குக் கீழே இதை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள்.

தொலைபேசியில் கேட்டபோது உங்களில் ஒருவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், பிள்ளைங்க படிக்கிற மலரு. ராஜா வெள்ளைக்காரியக் கட்டிக்கிட்டு ஊர விட்டுப் போனாருங்கறது நமக்குத் தலைக்குனிவுதானே? அதெல்லாம் எதுக்கு இப்ப?" அவர் என்னைவிட வயதில் இளையவர். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தலைக்குனிவு எது, யாருக்கு என்பதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நீங்கள் வெட்டி எறிந்த பக்கங்களில் இருந்தது இதுதான்.

1915ஆம் ஆண்டு மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியா போனார். அப்போது அவருக்கு வயது 39. அங்கே மெல்போர்னைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞரின் மகளைச் சந்தித்தார். எஸ்மி மேரி சாரெட் ஃபிங்க் என்பது அந்தப் பெண்ணின் முழுப்பெயர். மோலி என்று கூப்பிடுவார்கள். இருபது வயது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்போர்ன் பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். வெள்ளையர் அல்லாதவர் குடியேறாமல் தடுக்க 1901லேயே சட்டம் போட்டிருந்த நாடு அது. அந்த நாட்டில், கறுத்த நிறமுள்ள ஒரு தமிழ் அரசரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மறைத்து வைத்துக்கொண்ட உறவு இல்லை இது. ஊரறிய, சட்டப்படி நடந்த கல்யாணம்.

மணமக்கள் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். என் அப்பத்தாவுக்கு அப்போது எட்டு வயது. கீழராஜ வீதியில் ஒரு திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்ததாகச் சொல்வாள். "தோரணமெல்லாம் கட்டியிருந்தாக. ராசா பக்கத்துல அந்தம்மா உக்காந்திருந்துச்சு. சின்னப் புள்ளடி, உங்க சித்தி வயசுதான் இருக்கும். எங்களப் பாத்துச் சிரிச்சுச்சு." இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஒருமுறைகூட வெள்ளைக்காரி என்று இளக்காரமாகச் சொல்லிக் கேட்டதில்லை. கடைசிவரை "அந்தம்மா"தான்.

ஊர்ச்சனம் வேடிக்கை பார்த்தது, வாழ்த்தியது. ஏற்க மறுத்தது ஆங்கில அரசாங்கம். மோலியை ராணி என்று அங்கீகரிக்க முடியாது என்றது. மேன்மைதங்கிய என்ற அடைமொழியை அவருக்குத் தர முடியாது என்றது. சென்னையில் பென்ட்லண்ட் பிரபு ஆளுநராக இருந்த காலம் அது. தங்கள் இனத்துப் பெண் ஒருத்தி இந்திய அரசருக்கு மனைவியாக வாழ்வதை அந்த ஆட்சியால் ஜீரணிக்க முடியவில்லை. அவளுக்குப் பிறக்கும் குழந்தை நாளைக்குப் பட்டத்துக்கு வந்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

அரண்மனையைச் சுற்றியும் எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்துவிடவில்லை. கர்ப்பிணியாக இருந்த மோலிக்கு அரளி விஷம் கொடுக்க முயற்சி நடந்தது என்று அந்தத் தம்பதியின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்பத்தா இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அரளி என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வயிற்றில் பிள்ளையோடு, பாஷை தெரியாத ஊரில், தாய்வீடு கடலுக்கு அப்பால் இருக்க, அந்த இருபத்தொரு வயதுப் பெண் எந்தச் சோற்றை நம்பிச் சாப்பிட்டிருப்பாள்? நான் யார்மேலும் பழி எழுதவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பயத்தை "உடல்நலம் கருதி" என்று எழுதுவதற்கு உங்கள் கை எப்படித் துணிந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1916இல் அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அந்த ஜூலை மாதம் சிட்னியில் ஆண்குழந்தை பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். அப்பன் பெயரும், பிறந்த ஊரும், குலப் பெயரும் ஒன்றாகச் சேர்ந்த பெயர். அந்தப் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது என்பதில் ஆங்கில அரசாங்கம் உறுதியாக நின்றது. கடைசியில் ராஜா ஒரு முடிவுக்கு வந்தார். பட்டப்பெயர் தன்னிடம் இருக்க, ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுத்தார். 1922இல் அவருடைய சகோதரர் விஜய ரகுநாத துரைராஜா, அரசருக்குப் பதிலாக ஆளும் ஆட்சிக் காவலர் ஆனார். ராஜா மனைவியோடும் மகனோடும் தெற்கு பிரான்சில் கான் நகரத்தில் குடியிருந்தார். 1928 மே 28ஆம் தேதி பாரிசில் இறந்தார். லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் தகனச்சாலையில் எரியூட்டினார்கள். பிரகதாம்பாள் தாசர் என்று பட்டம் சூட்டிக்கொண்ட வம்சத்தில் வந்த மனிதருக்கு, அந்த அம்மன் குடியிருக்கும் திருக்கோகர்ணத்துக் கோயில் மணியோசை கேட்கும் தூரத்தில் சிதை மூட்டப்படவில்லை.

மோலி அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருடம் இருந்தார். 1967இல் கானில் காலமானார். புதுக்கோட்டையில் அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து எனக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அந்தம்மா உயிரோடு இருந்திருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கதையில் வரும் ராணி என்று நினைத்திருந்தவர் ஒரு கடிதம் போட்டால் கிடைக்கும் தூரத்தில் இருந்திருக்கிறார். ஊரில் இருந்து யாராவது ஒருவர் எழுதியிருக்கலாமே என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதில் தலைக்குனிய வேண்டியது எந்த இடத்தில்? ஒரு மனிதர் தான் விரும்பிய பெண்ணைச் சட்டப்படி மணந்துகொண்ட இடத்திலா, அல்லது அந்தப் பெண்ணுக்குப் பெயரும் இடமும் மறுக்கப்பட்ட இடத்திலா?

வம்ச சுத்தம், மரபு என்று உங்களில் சிலர் பேசியதாகவும் கேள்விப்பட்டேன். மார்த்தாண்ட பைரவர் பட்டத்துக்கு எப்படி வந்தார் என்பது நான் எழுதிக் கொடுத்த முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் முந்தைய அரசர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மகன் இல்லை. மூத்த மகளின் பிள்ளை. மகள்வயிற்றுப் பேரனைத் தாத்தாவே தத்தெடுத்து வாரிசு ஆக்கினார். 1886இல் பட்டம் கட்டினார்கள். அவருக்குப் பிறகு 1928இல் பட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது ஆறு வயது. அவரும் முந்தைய அரசரின் மகன் இல்லை. தேவைப்பட்டபோதெல்லாம் மரபு வளைந்துகொடுத்திருக்கிறது. ஒரு பெண்ணின் தோல் நிறத்துக்கு முன்னால்தான் அது வளைய மறுத்தது. அப்படி மறுத்ததும் நம் மரபைவிட டெல்லியிலும் லண்டனிலும் இருந்தவர்கள்தான். அவர்கள் போட்ட தீர்ப்பை நூறு வருடம் கழித்து நாம் ஏன் நிறைவேற்றிக்கொண்டிருக்க வேண்டும்?

மோலியை ராணியாக ஏற்க முடியாது என்று சொன்னபோது இங்கிலாந்தின் அரியணையில் இருந்தவர் ஐந்தாம் ஜார்ஜ். அவருடைய மூத்த மகன் எட்டாம் எட்வர்டு, 1936 டிசம்பரில், வாலிஸ் சிம்சன் என்ற அமெரிக்கப் பெண்ணை மணப்பதற்காக முடியைத் துறந்தார். மோலிக்கு மறுத்ததைப் போலவே வாலிசுக்கும் அரச அடைமொழியை 1937இல் மறுத்தார்கள். மோலியும் ராஜாவும் போன அதே பிரான்சுக்குத்தான் அவர்களும் போனார்கள். எட்வர்டு பாரிசில் 1972 மே 28ஆம் தேதி இறந்தார். ராஜா இறந்த அதே ஊர், அதே தேதி, நாற்பத்து நான்கு வருடம் கழித்து. நான் இதை முதன்முதலில் கவனித்தபோது தேதியைச் சரிதானா என்று மூன்று இடத்தில் பார்த்துக்கொண்டேன். ஒரு வித்தியாசம் உண்டு. எட்வர்டின் உடலை அவருடைய நாடு திரும்பக் கொண்டுவந்தது. விண்ட்சரில் அரச குடும்பத்தாரின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பிறகு வாலிசையும் அவர் பக்கத்திலேயே வைத்தார்கள். எவ்வளவு கசப்பு இருந்தும் அந்த நாடு தன் அரசரின் கதையிலிருந்து அந்த வரியை அழிக்கவில்லை. அவர் ஏன் முடியைத் துறந்தார் என்று அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நம் பிள்ளைகளுக்கும் அது தெரியும், அதுதான் எனக்கு வலி. ஹாரியும் மேகனும் 2020இல் அரச கடமைகளிலிருந்து விலகியது தெரியும். ஜப்பான் இளவரசி மாகோ 2021இல் தன்னோடு படித்தவரை மணந்துகொண்டு, அரச குடும்பத்திலிருந்து விலகும்போது கிடைக்க வேண்டிய பெருந்தொகையையும் வேண்டாம் என்று சொன்னது தெரியும். எல்லாம் கைப்பேசியில் பார்த்ததுதான். போன வருடம் ஒரு பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "இந்த மாதிரி நம்ம நாட்டுல யாராவது பண்ணியிருக்காங்களா மிஸ்?" என்று கேட்டாள். அந்தப் பள்ளியிலிருந்து ராஜ வீதிக்கு நடந்தே போகலாம். நான் மோலியின் கதையைச் சொன்னேன். வகுப்பு முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. "நம்ம ஊரா? நெஜமாவா?" என்று நாலைந்து பேர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கையில்தான் இப்போது உங்கள் மலர் போயிருக்கிறது. அதில் என் பெயருக்குக் கீழே வேறு கதை இருக்கிறது. மிஸ் சொன்னது பொய்யா, மிஸ் எழுதியது பொய்யா என்று அவள் என்னிடம் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?

கபூர்தலா அரசர் ஜகத்ஜித் சிங் 1908இல் அனிதா தெல்காதோ என்ற ஸ்பானிய நடனக்காரியை மணந்ததும், முடியை இழந்த இந்தூர் துகோஜி ராவ் ஹோல்கர் 1928இல் நான்சி மில்லர் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்ததும் அந்தந்த ஊர்க்காரர்கள் மறைத்து வைக்காத சங்கதிகள். அதிகம் சொல்ல வேண்டாம் என்று இதோடு விடுகிறேன்.

நம் ஊர்க்கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மலரிலேயே இதற்கான பதில் இருக்கிறது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியைப் பற்றி அழகான கட்டுரை போட்டிருக்கிறீர்கள். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று ஊரில் பெரிய எதிர்ப்பு எழுந்தபோது, சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போட்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அதை நீங்களே எழுதிப் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். முத்துலெட்சுமியின் அப்பா நாராயணசாமி ஐயர் பிராமணர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த உறவுக்காக நாராயணசாமி ஐயரை அவருடைய குடும்பம் ஒதுக்கி வைத்தது. சாதி தாண்டிய ஒரு வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்ட அரசரும், கடல் தாண்டிப் பெண் எடுத்த அரசரும் ஒரே ஆள்தான். முதல் பாதியைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துகிறோம், இரண்டாவது பாதியில் தலையைக் குனிகிறோம். எனக்கு இது புரியவே இல்லை. நாராயணசாமி ஐயரின் சொந்தக்காரர்கள் செய்ததைத்தான் இன்றைக்கு மலர்க்குழு செய்திருக்கிறது. அப்படிச் சொல்வதற்கு எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராஜாவைக் குறையில்லாதவராக நான் எழுதவில்லை. நீங்கள் வெட்டிய பக்கங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் ஐரோப்பாவுக்குப் போய்ப் போய் வந்தவர். ஊரில் இல்லாத காலம் அதிகம். 1902இல் மக்கள் பிரதிநிதிகள் சபை தொடங்கியதும், 1910இல் அருங்காட்சியகம் வந்ததும் அவர் காலத்தில்தான், ஆனாலும் அன்றாட நிர்வாகம் பெரும்பாலும் திவான்களின் கையில்தான் இருந்தது. கடைசி ஆண்டுகளில் கான் நகரத்து மாளிகை வாழ்க்கைக்குக் காசு எங்கிருந்து போனது? மழையை நம்பிக் கண்மாய்ப் பாசனத்தில் விவசாயம் செய்த நம் முப்பாட்டன்கள் கட்டிய தீர்வையிலிருந்து போனது. ஒரு அரசர் தன் மனைவிக்காக ஊரை விட்டால் ஊருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதையும் சேர்த்தே வெட்டிவிட்டீர்கள். அவரைக் குறைசொல்லும் வாய்ப்பையும் வாசகரிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

என் அக்கா 1979இல் வேறு சாதிக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் நல்ல மனிதர். அக்கா கடைசிவரை அவரோடு நிம்மதியாக வாழ்ந்தாள். எங்கள் வீட்டில் அடிதடி நடக்கவில்லை, யாரும் அருவாள் தூக்கவில்லை. அப்பா அமைதியானவர். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். யார் விசாரித்தாலும், "மூத்தவளுக்கு வடக்க வேலை. லீவு கெடைக்கல" என்பார். அக்கா திருச்சியில் இருந்தாள். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். என் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயர் இல்லை. தம்பி பிள்ளைகளின் காதுகுத்துக்கு அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தை எடுத்துவிட்டு, அவள் இல்லாத வேறொரு படத்தை மாட்டினார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் எங்கள் சொந்தத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெரியம்மா இருப்பது தெரியாமல் போனது. அப்பா இறந்தபோது அவள் வந்து வாசலில் நின்றாள். பந்தலில் இருந்த ஒரு பையன் என்னிடம் வந்து, "அத்தை, வாசல்ல யாரோ ஒரு அம்மா அழுதுக்கிட்டு நிக்கிறாங்க" என்றான். அவன் என் சொந்தத் தம்பி மகன்.

"லீவு கெடைக்கல" என்பதும் "உடல்நலம் கருதி மேலைநாடுகளில் தங்கியிருந்து" என்பதும் ஒரே கையால் எழுதிய வரிகள். அதனால்தான் அந்த வரியை என் பெயருக்குக் கீழே பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அப்பா சொன்ன பொய்யை நாற்பது வருடம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஒருதடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. அக்கா இப்போது இல்லை. இந்த வயதில் இன்னொரு தடவை சும்மா இருக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் இன்றைக்கும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். அவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. ஒரு பெண் பிள்ளை தாலியோடு நேராக என் வீட்டுக்கு வந்து நின்றாள்; இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்கு, இந்த ஊர் அரசரே ஒருகாலத்தில் இப்படி ஒரு கல்யாணம் செய்துகொண்டு, அதற்காக ஆட்சியையே விட்டார் என்று தெரிந்திருந்தால் ஒரு துளி தைரியம் கூடியிருக்கும். இப்படிப்பட்ட கல்யாணம் ஊருக்கு அவமானம் என்று மலரே முடிவெடுத்து மறைத்தால், அவளைத் தேடி வந்தவர்களுக்குத்தான் அது துணை.

குழுவில் இருக்கும் பெரியவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. கல்வெட்டுகளைப் பற்றிய பகுதியும், புதுக்கோட்டையின் பழைய நாணயமான அம்மன் காசு பற்றிய பகுதியும் நானே பாதுகாத்து வைக்க வேண்டியவை. அப்படிப்பட்ட மலரில் இந்த வரி இருக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன். நான் கேட்பவை இவை.

விற்காமல் கையில் இருக்கும் படிகள் ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். வாசகத்தை நானே தருகிறேன்: "இக்கட்டுரையின் இறுதி வரி கட்டுரையாசிரியர் எழுதியது அன்று. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மோலி ஃபிங்க்கை மணந்தார். அந்தத் திருமணத்தை ஆங்கில அரசு அங்கீகரிக்க மறுத்ததன் பின்னணியில் அவர் 1916இல் ஊரை விட்டு நீங்கினார். பின்னர் ஆட்சிப் பொறுப்பையும் விட்டு வெளிநாட்டில் வாழ்ந்து, 1928இல் பாரிசில் காலமானார். அவர்களுடைய மகன் பெயர் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான்." மொத்தம் ஐந்தே வரி. அச்சுச் செலவு பாரமாக இருந்தால் நான் கொடுக்கிறேன்.

பள்ளி நூலகங்களுக்கு நீங்கள் இலவசமாக அனுப்பிய படிகளுக்கும் அதே சீட்டை அனுப்புங்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அது போய்ச் சேர வேண்டும். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் பதிப்பு வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் நீக்கிய பகுதியை முழுவதுமாகச் சேருங்கள். இடம் இல்லையென்றால் நானே ஏழு பக்கமாகச் சுருக்கித் தருகிறேன். சேர்க்க மனமில்லையென்றால் கட்டுரையையும் என் பெயரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பாதியை மட்டும் என் பெயரில் போட இனி என் சம்மதம் இல்லை. இந்த மலரில் எழுதிய மற்றவர்களுக்காகவும் கேட்கிறேன்: மெய்ப்பை எழுதியவரிடம் காட்டாமல் ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை என்று குழுவில் தீர்மானம் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. நகர்மன்றத்தில் ஒருநாள் மாலை கூட்டம் போடுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம். அந்தக் காலத்து அரண்மனையில் வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள், ராஜ வீதிகளில் நாலு தலைமுறையாகக் குடியிருப்பவர்கள், பழைய படமோ கடிதமோ பெட்டியில் வைத்திருப்பவர்கள் எல்லாரையும் வரச் சொல்லுங்கள். சொல்வதை ஒலிப்பதிவு செய்து எழுதி வைப்போம். என் அப்பத்தா பார்த்ததைப் பார்த்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. அவர்களிடம் கேட்டவர்கள் நாங்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். எங்களுக்கும் எழுபதை நெருங்குகிறது. நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, பதிவு செய்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். மன்றத்தை எடுத்துக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை.

இந்த மடலின் கையெழுத்துப் படியைக் குழுவின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வரவில்லை என்றால், என் பதினான்கு பக்கத்தையும் சிறு வெளியீடாக நானே அச்சிட்டு, நீங்கள் மலர் கொடுத்த ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதல் படி, எழுந்து கேள்வி கேட்ட அந்தப் பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
புதுக்கோட்டை